கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு எந்தப் பூச்செடி? காகிதப்பூ, செம்பருத்தி, இட்லிப்பூ, அரளி, அடீனியம்: ஓர் ஒப்பீடு

கடலூரின் கடலோரத் தேவனாம்பட்டினத்தில் பிழைக்கிற பூச்செடி, உள்ளே தள்ளியுள்ள திருவந்திபுரத்திலும் பிழைக்கும். திருவந்திபுரத்தில் பூத்துக் குலுங்குவதெல்லாம் தேவனாம்பட்டினத்தில் தேறாது. இரண்டுக்கும் நடுவே சுமார் பத்து கிலோமீட்டர்தான். ஆனால் மண் வேறு, கிணற்றுத் தண்ணீர் வேறு, காற்று சுமந்து வரும் உப்பின் அளவு வேறு. புதுச்சேரிப் பக்கமும் இதே கதைதான். வீராம்பட்டினத்தில் கடல் மணல், வில்லியனூர், பாகூர் பக்கம் நெல் விளைந்த களி, ஆரோவில் மேட்டில் செம்மண். இதைக் கணக்கில் எடுக்காமல் நர்சரியில் பூவின் நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கிய செடிதான் கார்த்திகை மழையில் அழுகுகிறது, அல்லது வைகாசி வெயிலில் இலை கருகி நிற்கிறது.

வருடம் முழுக்க வீட்டில் நிறம் வேண்டும், ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கரையோரத்தில் நடைமுறையில் ஐந்து செடிகள்தான் முன்னால் நிற்கின்றன: காகிதப்பூ, செம்பருத்தி, இட்லிப்பூ, அரளி, அடீனியம். மல்லியும் முல்லையும் வாசனைக்காக வைப்பவை. அந்தக் கணக்கு தனி. ஒட்டு ரோஜா நம் ஊர்ப் புழுக்கத்தில் கரும்புள்ளி விழுந்தும் நுனி காய்ந்தும் ஓயாமல் வேலை வாங்கும். நிறத்துக்காக முதல் செடி வாங்குபவருக்கு அதைச் சொல்ல மாட்டோம்.

வாங்கும் முன் மூன்று சோதனைகள்

முதலில் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைப் பிபிஎம் கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் நூறு, இருநூறு ரூபாய்க் கணக்கில் கிடைக்கும். அதைப் போர் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். 500-க்குக் கீழே இருந்தால் ஐந்தில் எதையும் வைக்கலாம். 500-ஐத் தாண்டினால் இட்லிப்பூ முரண்டு பிடிக்கத் தொடங்கும். 1000-ஐத் தாண்டினால் செம்பருத்தியின் இலை ஓரங்கள் கருகும். 1500-க்கு மேல் போனால் காகிதப்பூவும் அரளியும் மட்டுமே நம்பிக்கை. இவை அனுபவக் கணக்குகள். மண் வடிகால் நன்றாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், களியாக இருந்தால் அதற்கு முன்பே அடி வாங்கும். கோடையில் அளப்பதுதான் சரி. மார்கழியில் அளந்தால் மழைநீர் கலந்து எண் குறைத்துக் காட்டும். மீட்டர் இல்லாதவர்கள் பழைய மண்தொட்டியின் விளிம்பைப் பார்க்கலாம்: வெள்ளைப் படலம் தடிமனாகப் படிந்திருந்தால் தண்ணீரில் உப்பு அதிகம்.

இரண்டாவது, மழைநீர் வடிகிறதா என்பது. செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, இந்த இரண்டாம் தண்ணீர் வடிய எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். நான்கு மணி நேரத்துக்குள் வடிந்தால் தரையிலேயே நடலாம். ராத்திரி தாண்டியும் நின்றால் மேட்டுப் பாத்தி அல்லது தொட்டிதான். நம் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நாள் கணக்கில் நிற்கும் என்பதை அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேருக்குக் காற்றில்லாமல் இரண்டு மூன்று நாள் போனாலே செம்பருத்தியும் அடீனியமும் அழுகத் தொடங்கும்.

மூன்றாவது வெயில். இதைத்தான் பலரும் தவறாகக் கணக்கிடுகிறார்கள். நம் ஊரில் சூரியன் ஏப்ரல் மூன்றாம் வாரவாக்கில் நேர் உச்சிக்கு வரும். அதன்பின் ஆகஸ்ட் வரை நண்பகலில் சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். கார்த்திகை, மார்கழி, தையில் நன்றாகத் தெற்கே போய்விடும். ஆகவே வீட்டின் வடக்குச் சுவரோரம் மே மாதம் சுள்ளென்று வெயில் அடித்தாலும், டிசம்பரில் முழு நிழலாகிவிடும். மே மாதத்தில் பார்த்து, “இங்கே நல்ல வெயில்” என்று காகிதப்பூவை வடக்கே வைத்தால் தை, மாசியில் அது இலையாகவே நிற்கும். பூக்க வேண்டிய பருவமே அதுதான்.

மாடிக்கு: காகிதப்பூவா, செம்பருத்தியா?

திறந்த மாடி, ஆறு மணி நேர வெயில், உப்புத் தண்ணீர், வாரத்தில் இரண்டு நாள் ஊரில் இருக்க மாட்டோம் என்றால் யோசிக்கவே வேண்டாம், காகிதப்பூதான். புதுச்சேரி பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவர்களின் மேலே அது வழிந்து கிடப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அந்த உப்புக் காற்றில் அவ்வளவு நிறம் தரக்கூடிய வேறு கொடி குறைவு.

நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய இலை. மூன்று இலைகளுக்கு நடுவே குச்சி போல நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் உண்மையான பூ. அதனால்தான் நிறம் வாரக் கணக்கில் நிற்கிறது. செம்பருத்தியின் பூ பெரும்பாலும் ஒரே நாள் ஆயுள். காலையில் விரிந்தது மாலையில் சுருண்டுவிடும். தினமும் சாமிக்குப் பறிக்க வேண்டும் என்றால் இந்தக் குணம் நல்லது. விருந்தாளி எப்போது வந்தாலும் மாடி நிறமாக இருக்க வேண்டும் என்றால் காகிதப்பூ.

காகிதப்பூ விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, அன்பாகக் கவனிப்பது. தினமும் தண்ணீர், மாதா மாதம் யூரியா என்று கொடுத்தால் நீள நீளமாகக் கிளைவிட்டு இலையாகவே வளரும். 12 முதல் 14 அங்குலத் தொட்டி போதும். வேர் தொட்டியை இறுக்கினால் பூ கூடும். பெரிய டிரம்மில் வைத்தால் முதல் இரண்டு வருடம் வேர் வளர்ப்பதிலேயே போய்விடும். மழை விட்டதும், மார்கழிக் கடைசியில் எல்லா நுனிகளையும் அரை அடி வெட்டிவிடுங்கள். புதுத் துளிர் நான்கு விரல் நீளம் வந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாகத் துவளும். அப்போது தொட்டியின் அடித்துளை வழியே வழியும்வரை ஒரு முறை ஊற்றுங்கள். மறுபடி துவளும்வரை காத்திருங்கள். இப்படி மூன்று நான்கு சுற்று போனால் மாசியில் துளிர் நுனியெல்லாம் நிறம் கட்டும். நிறம் வந்தபின் துவள விட வேண்டாம், உதிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அது பச்சையாக நிற்பது இயல்பு. அந்த இரண்டு மாதத்தில் உரம் போட்டு வற்புறுத்திப் பயன் இல்லை.

இரண்டு குறைகள் உண்டு. முள், அதுவும் கொக்கிபோல் வளைந்த முள். சின்னப் பிள்ளைகள் ஓடும் நடைபாதையோரம் வேண்டாம். இன்னொன்று, உதிர்ந்த நிறம் காற்றில் பறந்து மாடி வடிகால் குழாயை அடைக்கும். மழைக்கு முன் குழாய் வாயில் கம்பிவலை போட்டுவிட வேண்டும். அடுக்கு ரகங்களில் காய்ந்தது உதிராமல் கொத்தாக ஒட்டி நிற்கும். கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சுத்தமாக இருக்க விரும்புபவர்கள் ஒற்றை ரகமே வாங்கலாம்.

செம்பருத்தியில் முதலில் தீர்மானிக்க வேண்டியது நாட்டுச் செம்பருத்தியா, ஹைப்ரிட்டா என்பது. ஐந்து இதழ் சிவப்பு நாட்டு ரகம் இந்த மண்ணுக்குப் பழகியது. குச்சி வெட்டி நட்டாலே வரும், மாட்டெருவும் தண்ணீரும் போதும், வெட்டினால் சலிக்காமல் தழையும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, இரு நிறம் என்று பூக்கும் ஹைப்ரிட் ரகங்கள் பார்த்த மாத்திரத்தில் மனதை இழுக்கும். விலையும் பல மடங்கு. அவற்றுக்கு உச்சி வெயில் ஆகாது. காலை வெயில் நான்கு ஐந்து மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும். மழைக்காலத்தில் தரையில் வைத்திருந்தால் வேர் அழுகி, பச்சை இலையோடு ஒரே நாளில் தலை சாயும். ஹைப்ரிட் வேண்டும் என்றால் தொட்டியில், செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு கலந்து, அடியில் ஓட்டுச் சில் போட்டு வையுங்கள். அடைமழை நாட்களில் தாழ்வாரத்துக்கு நகர்த்த முடிகிற எடையில் இருக்கட்டும்.

இரண்டு ரகத்துக்கும் பொது எதிரி மாவுப்பூச்சி. கிளை நுனியை உற்றுப் பாருங்கள். இலைகள் விரியாமல் முட்டைக்கோஸ் மாதிரிச் சுருண்டு கொத்தாக இருந்தால், அந்தச் சுருளைப் பிரித்தால் உள்ளே பஞ்சு போன்ற வெள்ளையும் இளஞ்சிவப்புப் பூச்சிகளும் இருக்கும். தண்டில் எறும்பு வரிசை போனால் இன்னும் உறுதி. பூச்சி சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, அதன் எதிரிகளை விரட்டுகிறது. சுருண்ட நுனிகளை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்; செடிக்கடியில் போட்டால் மறுபடி ஏறும். மீதியைத் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சிக் கழுவுங்கள். மறுநாள் மாலை, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுத் திரவ சோப்பும் நன்றாகக் கலக்கி, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று முறை. வெயிலில் தெளித்தால் எண்ணெய் இலையைக் கருக்கும்.

2008-ல் தமிழ்நாட்டுக்குள் வந்த பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் பிடித்து ஆட்டியது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தக் குளவிகள் இன்னும் நம் தோட்டங்களில் வேலை செய்கின்றன. கடுமையான பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அவைதான். அதனால்தான் வேப்பெண்ணெயோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறோம்.

மொட்டு விரியாமல் உதிர்வது இன்னொரு புலம்பல். பூச்சி இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மொட்டைத் தள்ளிவிடும். எலும்புத் தூளை அள்ளிப் போடுவதும் செம்பருத்திக்கு ஆகாது. அதிலுள்ள பாஸ்பரஸ் கூடினால் இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல் போகும். இதற்கு வேண்டியது பொட்டாஷ். 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒரு டீஸ்பூன் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் ஓரமாகத் தூவித் தண்ணீர் விடலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. ஏற்கெனவே உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் அது வேண்டாம்.

வாசலோரத்துக்கு: இட்லிப்பூ

அரை நிழல், அதாவது மூன்று நான்கு மணி நேர வெயில் மட்டும் கிடைக்கும் வாசல், கிழக்குப் பால்கனி என்றால் காகிதப்பூ ஏமாற்றும், செம்பருத்தி இலை அதிகம் விடும். அங்கே இட்லிப்பூதான் பொருத்தம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ், வெள்ளை என்று நிறத்துக்குக் குறைவில்லை. ஒரு கொத்து இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும். முள் இல்லை, விஷம் இல்லை. பூந்தேனை உறிஞ்சாத பிள்ளையே நம் ஊரில் இருக்காது.

அப்படியென்றால் எல்லா வீட்டிலும் அதுவே இருக்கலாமே என்று தோன்றும். தடுப்பது சுண்ணாம்பும் உப்பும். இட்லிப்பூவுக்குப் புளிப்பான மண் வேண்டும். நாம் அதை வைப்பதோ காம்பவுண்டுச் சுவரை ஒட்டி. அங்கே மண்ணுக்குள் கட்டட வேலையின் சிமென்ட் காரையும் செங்கல் தூளும் புதைந்து கிடக்கும். மண்ணின் காரத்தன்மை கூடக்கூட இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும். புது இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: நரம்புகள் மட்டும் பச்சையாக வலை போலத் தெரிய, நடுவெல்லாம் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் இரும்புப் பற்றாக்குறை. பழைய அடி இலைதான் மஞ்சளாகிறது, புது இலை பச்சையாக இருக்கிறது என்றால் அது வேறு, தழைச்சத்துக் குறைவு. எரு போட்டால் சரியாகும்.

இரும்புக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து வடிகட்டி, மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. எலுமிச்சை இல்லாவிட்டால் கரைசல் துருப்பிடித்தது போல் பழுப்பாகி வீணாகும். டைல்ஸ் மேலே பட்டால் கறை போகாது. முதலில் ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். அன்னபேதியை மண்ணில் போடுவது காரமான மண்ணில் அநேகமாக வீண்செலவு. நிரந்தரத் தீர்வு, சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, ஒன்றரை அடி குழியில் பழைய மண்ணை முழுதாக அள்ளிவிட்டுக் கேப்பர் மலைச் செம்மண் போன்ற சுத்தமான செம்மண்ணும் இலை மக்கும் நிரப்பி நடுவது. அதன்பின் முட்டையோடு, அடுப்புச் சாம்பல் எதையும் அதன் அடியில் கொட்டக் கூடாது. இரண்டும் காரத்தைக் கூட்டும்.

இட்லிப்பூவில் உயரமாக வளரும் பழைய சிவப்பு ரகம் உப்பையும் அலட்சியத்தையும் சற்றுத் தாங்கும். குட்டை இலை மினி ரகம் பார்க்க அடக்கமாக இருக்கும், ஆனால் மஞ்சளாவதில் அதுதான் முந்திக்கொள்ளும். டிடிஎஸ் 500-ஐத் தாண்டிய வீட்டில் மினி ரகத்தை வரிசையாகப் பத்து வாங்கி நடாதீர்கள். ஒன்று வைத்து, ஒரு கோடை தாண்டட்டும்.

அரளி, அடீனியம்

கடற்கரையை ஒட்டிய மனை, மணல் மண், வேலியோரம், தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. இதற்கு அரளியை மிஞ்ச எதுவும் கிடையாது. நெடுஞ்சாலை நடுவே புகையிலும் வெயிலிலும் அது பூத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் இலை, பூ, தண்டு, பால் என்று எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். ஆடு மாடு மேயும் தெருவில் வெட்டிய கிளைகளைக் குப்பையோரம் போடுவதும், எரித்துப் புகைக்க விடுவதும் ஆபத்து. குழி வெட்டிப் புதையுங்கள். வேலிக்கு அரளியா காகிதப்பூவா என்று இழுபறி வந்தால், கால்நடை நடமாட்டம் உள்ள இடத்தில் காகிதப்பூவைத் தேர்ந்தெடுங்கள். முள் கீறும், அவ்வளவுதான். அரளித் தளிரில் மஞ்சள் அசுவினி மொய்ப்பது சகஜம், குழாயால் பீய்ச்சினால் போய்விடும்.

அடீனியம் மாடிக்கு ஏற்ற சின்னச் செடி. பருத்த அடித்தண்டில் தண்ணீரைச் சேமித்துக்கொள்வதால் கோடையில் நாலைந்து நாள் மறந்தாலும் கோபிக்காது. சிவப்பு, ரோஸ், வெள்ளை, இரு நிறம், அடுக்கு என்று ஒட்டு ரகங்கள் ஏராளம். காகிதப்பூவுக்கு இடமில்லாத ஒற்றைச் சன்னல் விளிம்பில்கூட, ஆறு மணி நேர வெயில் இருந்தால் பூக்கும். செம்மண் ஒரு பங்கு, பெருமணல் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு. புரட்டாசிக் கடைசியில் கூரைக்கடியில் எடுத்து வைத்துவிட்டு, மார்கழி வரை பத்து நாளுக்கு ஒருமுறை கையளவு தண்ணீர் போதும். இதைச் செய்ய முடியாதவர்கள் அடீனியம் வாங்க வேண்டாம்; நம் ஊர் வடகிழக்குப் பருவமழை அதற்கு எமன். அடித்தண்டை விரலால் அழுத்தினால் பழுத்த சப்போட்டா மாதிரி அமுங்குகிறது என்றால் அழுகல். உடனே பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை கத்தியால் சீவி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, உலர் மணலில் நட்டால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. இதன் பாலும் விஷம்தான்; வெட்டிய பின் கை கழுவுங்கள்.

எப்போது, எப்படி நடுவது

ஆடிக் கடைசியிலிருந்து ஆவணி முடியும்வரை நல்ல சமயம். மாலை மழை அவ்வப்போது கிடைக்கும். அடைமழைக்கு முன் வேர் பிடிக்க ஒரு மாதமாவது இருக்கும். தவறினால் தை. ஐப்பசியில் வாங்கி நடுவதுதான் மிகப் பெரிய பண விரயம்.

நர்சரிச் செடிகளில் பல, ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து வருகின்றன. கறுப்புக் களிமண் உருண்டையில் வேர் பொதிந்திருக்கும். அதை அப்படியே நம் மணலிலோ செம்மண்ணிலோ புதைத்தால், சுற்றிலும் ஈரம் இருக்க உருண்டை மட்டும் கல்லாக இறுகி உள்ளே தண்ணீர் இறங்காது. இல்லை, மழையில் ஊறிச் சேறாகும். செம்பருத்தி, இட்லிப்பூ என்றால் உருண்டையை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வெளிக் களியில் மூன்றில் ஒரு பங்கை விரலால் கரைத்துவிட்டு நடுங்கள். காகிதப்பூவின் வேர் சட்டென ஒடியும். அதில் இந்த வேலை வேண்டாம். பையைப் பிளேடால் கீறி, உருண்டை குலையாமல் இறக்கி, களியில் கம்பியால் நாலைந்து துளை மட்டும் போடுங்கள்.

தரையில் ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி. மண்ணோடு ஐந்து கிலோ மட்கிய மாட்டெரு, 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. தண்ணீர் நிற்கும் மனையில் தரைமட்டத்துக்கு மேல் ஒரு அடி மேடு கட்டி அதன் மேல் நடவேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளை மழைநாளில் தாழ்வாரத்தில் ஒளிக்காமல், அடீனியமும் ஹைப்ரிட் செம்பருத்தியும் தவிர மற்றவற்றை இரண்டு மூன்று நல்ல மழையில் நனையவிடுங்கள். கோடை முழுக்கச் சேர்ந்த உப்பு அடித்துளை வழியே கழுவிக்கொண்டு போகும்.

வீட்டைப் பொறுத்து எங்கள் தேர்வு

மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் போன்ற நகர்ப்பகுதி மாடிக்கு மூன்று காகிதப்பூ, இரண்டு அடீனியம். கடலோரத் தனி வீட்டுக்கு வேலியில் காகிதப்பூ, வாசலில் பழைய ரக இட்லிப்பூ ஒன்று, அதற்கு மட்டும் மழைநீர்த் தொட்டித் தண்ணீர். பண்ருட்டிச் சாலை, ஆரோவில் பக்கச் செம்மண் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள்; இட்லிப்பூவை வேலி வரிசையாகவே நடலாம், செம்பருத்தியில் நாட்டு ரகமும் ஹைப்ரிட்டும் சேர்த்தே வைக்கலாம். வில்லியனூர், பாகூர் களிமண் மனைகளில் மேட்டுப் பாத்தி போட்டு நாட்டுச் செம்பருத்தி. கிழக்குப் பால்கனி மட்டுமே உள்ள அடுக்ககத்தில் இட்லிப்பூ தொட்டியில் இரண்டு. கைப்பிடிக் கம்பியில் வெயில் படும் நாலு மணி நேரத்துக்குப் பத்துமணிப்பூ தொங்கவிடலாம், குச்சி கிள்ளி ஊன்றினாலே வரும்.

காகிதப்பூ இலையாக நிற்கும் கார்த்திகை, மார்கழி இடைவெளியை நிரப்ப டிசம்பர் பூ ஒரு செடி எல்லா வீட்டிலும் இருக்கலாம். ஊதா, ரோஸ், வெள்ளை என்று அது அப்போதுதான் பூக்கும்.

எந்தச் செடியானாலும், புரட்டாசி மூன்றாம் வாரத்துக்குள் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரை கடந்தது. தலைப்பாரம் மிகுந்த செடியைத்தான் காற்று வேரோடு சாய்க்கும். மாடித் தொட்டிகளைப் புயல் எச்சரிக்கை வந்ததும் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து இறக்கி, தரையில் ஒன்றோடொன்று நெருக்கி வைத்துக் கயிற்றால் கட்டிவிட வேண்டும்.